மயில் இல்லாத பெட்டிகள்

எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று நான் மூன்று சொல் பேசினேன். அதைக் கேட்டுத் திலகா மிஸ் பக்கத்தில் இருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கையில் ரோல்ஸ் வைத்திருந்தவர்கள் கடிக்காமல் நின்றார்கள். மறுநாள் காலை நிரோஷா எனக்குப் போன் எடுத்தாள். எங்கள் வேலைத்தலத்தில் கம்ப்யூட்டரில் பெட்டி வரைகிற பிள்ளை அவள்.

"முத்தண்ணே, நேத்து நடந்தது என்ன கதைன்னு முழுசா சொல்லுங்க. மிஸ்கிட்ட கேட்டா சிரிக்கிறாங்க. சிரிச்சு முடிச்சா மறுபடி சிரிக்கிறாங்க. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல."

"ம்" என்றேன்.

"ம்முன்னா என்னாண்ணே அர்த்தம்?"

"எழுதித் தாரேன்."

அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நிரோஷா திருத்திக்கொள்ளட்டும். வாயால் சொல்லச் சொன்னால் இந்தக் கதை அடுத்த வருடமும் முடியாது.

நான் பெட்டி செய்தவன். பலகாரப் பெட்டியோ சப்பாத்துப் பெட்டியோ அல்ல. விலை கூடிய சாமான்களுக்கான பெட்டி. பெரிய ஹோட்டல்களின் கடைகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே ஒரு கைப்பிடித் தேயிலை இருக்கும். வெளியே படமும் இல்லாமல் பூவும் இல்லாமல் வெறும் பெட்டி. ஓர் ஓரத்தில் மட்டும் ஊசியால் எழுதியது போல ஒரு பெயர். 'இதில் என்ன வேலை இருக்கிறது' என்று நினைத்து நீங்கள் அதைத் திரும்ப வைத்திருந்தால், அது என் பெட்டியாக இருந்திருக்கும்.

அப்படிப்பட்ட பெட்டிகளுக்காகவே என்னைக் கண்டியில் நாலு பேருக்குத் தெரியும். 'முத்தண்ணன் கைபட்டால் ஒன்றும் மிஞ்சாது' என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள்.

உண்மையில் எனக்கு மயில்தான் பிடிக்கும்.

என் கல்யாணத்துக்கு இந்தியாவிலிருந்து வந்த கூறைச்சேலை ஒரு சிவப்புப் பெட்டியில் வந்தது. மூடி முழுவதும் தங்க மயில். தோகையின் ஒவ்வொரு கண்ணிலும் பச்சையும் நீலமும் மினுங்கும். அந்தப் பெட்டியில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பிறப்புச் சான்றிதழ்களெல்லாம் இருக்கின்றன. உலகத்தில் அதைவிட நல்ல பெட்டி இல்லை என்பது அன்றும் இன்றும் என் எண்ணம். நான் செய்கிற பெட்டி ஒன்றிலாவது அப்படி ஒரு தங்க மயிலைப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் வேலைக்காலம் முழுவதும் எனக்கிருந்த ஆசை. அதற்கு நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். யாரிடமாவது வாய் திறந்து சொல்ல வேண்டும்.

தொழில் பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டப் பள்ளிக்கூடம் முடிந்ததும் டவுனில் ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலைக்கு விட்டார்கள். அங்கே அச்சடித்து வரும் தாளை மடிப்பதற்கு முன் வாசித்துவிடுவேன். என் மடிப்புக்கு வருவது பெரும்பாலும் நடுப்பகுதிதான் என்பதால் பல கதைகளின் தொடக்கமும் முடிவும் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எழுதப் படிக்க ஓரளவு வந்தது அப்படித்தான். அட்டை வெட்டவும், பசை கரைக்கவும், மூலையைக் கொம்புத் துண்டால் தேய்த்து மடிக்கவும் அங்கே பழகினேன். பிறகு கட்டுகஸ்தோட்டையில் திலகா மிஸ் பெட்டி வேலைத்தலம் தொடங்கியபோது அங்கே போய்ச் சேர்ந்தேன்.

மிஸ் யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் வடிவமைப்புப் படித்தவர். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார். நல்ல பெட்டி எது என்பதற்கு அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. முதலில் கைப்பையிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எடுப்பார். பெட்டியின் நாலு மூலையிலும் விளிம்பிலும் அதை மெதுவாக ஓட்டுவார். ஒரு நூல் பஞ்சு எங்காவது சிக்கினால் பெட்டியை என் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பார். என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பஞ்சு தாண்டினால் அடுத்தது மூடி. மூடியைப் பெட்டியின் வாயில் வைத்துக் கையை எடுத்துவிடுவார். அது தானாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் தளர்வு. நடுவில் நின்றால் இறுக்கம். உள்ளே இருக்கும் காற்று நாலு பக்கத்தாலும் கசிந்து வெளியேற, ஒருவர் பெருமூச்சு விட்டு உட்காருவது போல மூடி இறங்க வேண்டும். வெயில் நாளில் சரியாக இறங்கும் மூடி கண்டி மழையில் அட்டை ஊறி நடுவழியில் நின்றுவிடும். அதனால் மழை பெய்தால் மாதிரிப் பெட்டியை ஜன்னல் தட்டில் வைத்துவிடுவார். "மழை பார்த்திட்டு வரட்டும்" என்பார்.

மூன்றாவது பரீட்சைதான் கஷ்டம். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எட்டி நின்று பார்ப்பார். சில நேரம் முகம் சுளித்து, "இது கதைக்குது, மாரிமுத்து" என்பார். பெட்டி வாய் திறந்து கதைப்பதைவிடப் பெரிய குற்றம் அவரிடம் இல்லை. ஒரு கோடு கூடினாலும் அது கதை. ரிப்பன் கட்டினால் அது சத்தம் போட்டு அழுகிற கதை.

கதைக்காத பெட்டியைச் செய்யக் கதைக்காத ஆளை வைத்துக்கொண்டார் என்று என் மனைவி செல்வி சொல்லுவாள்.

இனி என் பெயர் எப்படி வெளியே போனது என்பதற்கு வருகிறேன். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் முதலாளி, வெள்ளி நிற மொட்டுத் தேயிலைக்குப் பெட்டி வேண்டுமென்று வந்தார். கொழுந்து பறிக்கிற பெண், கூடை, மலை, பனி, மேளக்காரர், எல்லாம் வேண்டும் என்று முன்பே போனில் சொல்லியிருந்தார். மிஸ் அதையெல்லாம் வரைந்து எடுத்துக்கொண்டு டவுனிலிருந்து வந்துகொண்டிருந்தார். கண்டி வாகன நெரிசல் தெரியும்தானே. முதலாளி முதலில் வந்துவிட்டார். மேசையில் நான் அளவு பார்க்கச் செய்த வெற்றுப் பெட்டி மட்டும் இருந்தது. வெள்ளைத் தாள் ஒட்டியது. அச்சு ஒன்றும் இல்லை. தேயிலை கொள்ளுமா என்று பார்க்கத்தான் செய்தோம்.

அவர் அதைக் கையில் எடுத்தார். நல்ல தமிழில், "இதுதானா?" என்று கேட்டார்.

'இல்லை ஐயா, இது அளவுப் பெட்டி' என்று சொல்ல வேண்டும். ஐந்து சொல். தொண்டைக்குள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

அவர் பெட்டியைத் திருப்பினார். "படம் எங்க?"

நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடியைக் கழற்றி மறுபடி வைத்தார். அது பெருமூச்சு விட்டு இறங்கியது. திரும்பவும் கழற்றினார், வைத்தார். கடைசியில், "ஆ… விளங்குது. படம் போட்டா ஆள் படத்தத்தான் பார்ப்பான். தேயிலையப் பார்க்கமாட்டான். அதுதானே நீங்க சொல்றது?" என்றார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று சொல்லவும் ஒரு வாய் வேண்டுமே!

அந்த நேரம் மிஸ் கையில் படச்சுருளோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். முதலாளி எழுந்து, "மிஸ், உங்கட ஆள் பெரிய ஆள். ஒரு வார்த்தை பேசாம என்ட வாயை அடைச்சிட்டார்" என்றார். மிஸ் வெற்றுப் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படச்சுருளை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஓம்" என்றார். "அவர் அப்பிடித்தான்."

அன்றைக்குப் பிறகு அது எங்கள் நடைமுறையாகிவிட்டது. வாடிக்கையாளர் வந்தால் என்னை எதிரே உட்கார வைப்பார் மிஸ். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற கதிரை என்னுடையது. எனக்குப் பிடித்த கிளி போட்ட சட்டையை அந்த நாட்களில் போடக்கூடாது. வெள்ளைச் சட்டைதான். என் புருவம் பிறவியிலேயே கீழ்நோக்கிச் சரிந்தது. கல்யாண வீட்டுப் போட்டோவிலும் செத்த வீட்டுக்கு வந்தவன் போலத்தான் இருப்பேன். அந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு, "மூடியில ஒரு தாமரை போடுவமா?" என்று கேட்பவர்கள் அரை நிமிடத்தில் தாங்களே, "வேணாம், வேணாம்" என்பார்கள்.

பேராதனைப் பக்கம் குளிக்கிற சந்தனச் சவர்க்காரம் செய்கிற அம்மா ஒருவர் தாமரை, அன்னம், குத்துவிளக்கு மூன்றையும் என் எதிரில் இருந்தே ஒவ்வொன்றாகக் கைவிட்டார். கடைசியில், "விளக்குன்னு சொன்னதும் அவர் கண் கலங்கிடுச்சு" என்று மிஸ்ஸிடம் வருத்தப்பட்டாராம். நான் அப்போது சுடச்சுட ஒரு வடையை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தேன்.

என் வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் என்னைப் பற்றித் தெரிந்துவிடும் என்று பயந்தேன். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிஸ் மஹய்யாவையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவரில் மின்னிமின்னி அணைகிற பல்ப் போட்ட முருகன். அலுமாரி மேல் பிளாஸ்டிக் ரோசாப்பூ. டீவிக்குச் சரிகை வைத்த போர்வை. மிஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெல்லச் செல்வியிடம், "பாவம் மாரிமுத்து. உங்களுக்காக எவ்வளவு பொறுத்துக்கொண்டு இருக்கிறார்" என்றார்.

"நானா?" என்றாள் செல்வி. "நான் கழட்டிக் கழட்டி வைக்கிறேன் மிஸ். இவருதான் மறுபடி கொண்டாந்து மாட்டுறாரு. பல்பு போனா அன்னைக்கே புதுசு வாங்கிட்டு வந்துதான் சோறு திம்பாரு."

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். செல்வி பகிடி விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நான் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன்.

இனி ஹாஜியாரின் கதை. என் வேலைக்காலத்திலேயே கஷ்டமான பெட்டி அதுதான்.

டவுனில் நீலக்கல் வியாபாரம் செய்கிற ஹாஜியார் ஒருவர் மோதிரப் பெட்டி கேட்டு வந்தார். பெரிய தேசிக்காய் அளவு, உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. வழக்கம்போல் வெள்ளைச் சட்டையோடு எதிரே உட்கார்ந்தேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்துகிற ஆள் அல்ல.

"இங்க பாருங்கொ மிஸ், எங்கட கடை சும்மா கடை இல்ல. வாப்பாட காலத்துல இருந்து ஈக்கிற கடை. அப்ப முன்னுக்கு வாப்பாட படம் ஈக்கணும். பக்கத்துல வாவி. வாவின்டா தண்ணி தெரியணும், சும்மா கோடு இழுத்து உட்டுற வேல சரிவராது. மத்தப் பக்கத்துல யானை."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்தேன். இந்த இடத்தில்தான் மற்றவர்கள் யானையை வாபஸ் வாங்குவார்கள்.

"சோடிச்ச யானை" என்றார் ஹாஜியார்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை, ஹாஜியார்" என்று மிஸ் நினைவூட்டினார்.

"அதான் எனக்கு விருப்பம்! எங்கட வீட்டுல எல்லாரும் சொல்ற ஆக்கள். கேக்கிறதுக்கு ஒருத்தரும் இல்ல. தம்பி எவ்வளவு வடிவாக் கேட்டுட்டு ஈக்கிறாரு பாருங்கொ." என் தோளில் தட்டினார். "அடிப்பக்கம் சும்மாதானே கெடக்கு? அங்க கடைக்கு வார வழிய மேப்பாப் போடுங்கொ. மூடியச் சுத்திக் கடைப் பேரு. டெலிபோன் நம்பர் எல்லாம்."

அவர் போன பிறகு மிஸ் குரலை மிகவும் தாழ்த்தி, "கேட்டபடியே செய்வம் மாரிமுத்து. பெட்டியே அவருக்குச் சொல்லட்டும்" என்றார்.

நான் அதைப் பகிடிக்காகச் செய்யவில்லை. மனம் வைத்துச் செய்தேன். மாதிரிப் பெட்டிக்கு அச்சு இல்லை. எல்லாவற்றையும் தாளில் வெட்டி ஒட்ட வேண்டும். வாப்பாவின் படத்தை விரல் நகத்தளவுக்குச் சிறிதாக்கினேன். யானையின் முகபடாத்தில் தங்கத்தாள் பொட்டுகள் வைத்தேன். வாவிக்குத் தண்ணீர் தெரிகிற மாதிரி மினுங்குதாள் ஒட்டினேன். வேலை செய்யச் செய்ய எனக்கு ஒரே சந்தோஷம். செல்விகூட, "என்னங்க, ஏதும் லாட்டரி விழுந்திருச்சா?" என்று கேட்டாள்.

எல்லாம் ஒட்டிய பிறகு மூடியின் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. இவ்வளவு கூட்டத்தில் இன்னும் ஒருவர் நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது? பிளேடை எடுத்தேன். தங்கத்தாளில் ஒரு மயில் வெட்டினேன். தோகைக்குப் பச்சை வைத்தேன், நீலம் வைத்தேன். வழக்கமாக மாதிரிக்கு இரண்டு பெட்டி செய்வேன் என்பதால் இரண்டாவது மயிலும் வெட்டினேன்.

பஞ்சுப் பரீட்சையில் அன்று பஞ்சு முழுவதும் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. மிஸ் மயிலைக் கண்டார். "இதையும் அவர் கேட்டவரோ?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "கேட்டிருப்பார். அவர் எதைத்தான் கேக்கேல்லை" என்று தானே முடித்துக்கொண்டார்.

இரண்டு பெட்டிகளையும் கடைக்கு எடுத்துப்போனோம். ஹாஜியாரின் உம்மா, வயதானவர், வாசலோரக் கதிரையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வெளிநாட்டுத் தம்பதியர் நல்ல நீலக்கல் மோதிரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்குவதா விடுவதா என்று இருந்தார்கள். ஹாஜியார் எங்களைக் கண்டதும், "சரியான நேரம் வந்தீங்க!" என்று மோதிரத்தை வாங்கிப் புதுப் பெட்டியில் வைத்து மூடி அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார். யானையைக் கண்டுபிடித்துச் சிரித்தார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வாவியைக் கண்டுபிடித்தார். இது யார் என்று வாப்பாவின் படத்தைக் கேட்டார்கள். ஹாஜியார் தன் இங்கிலீஷில் வாப்பாவின் சரித்திரத்தைச் சொன்னார். மேப்பைப் பார்த்து, தாங்கள் இப்போது எங்கே நிற்கிறோம் என்று விரலால் தேடினார்கள். பெட்டி நாலு சுற்றுச் சுற்றியது. திறக்கவே இல்லை. கடைசியில் அந்த அம்மா, இந்தப் பெட்டி என்ன விலை என்று கேட்டார்.

"பொக்ஸ் நோ ப்ரைஸ். ரிங், ரிங்!" என்றார் ஹாஜியார்.

அதற்குள் வாசலிலிருந்து உம்மா, "என்ன மகன் அது, எனக்கும் காட்டு" என்று கை நீட்டினார். அந்த வெளிநாட்டு அம்மா மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். உம்மா பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"யா அல்லாஹ்! இது ஒங்கட வாப்பா. கலியாணத்துக்கு முந்தி எடுத்த படம்." படத்தைத் தடவினார், கொஞ்சினார், பெட்டியைத் தன் கைப்பைக்குள் போட்டுச் ஸிப்பை இழுத்துவிட்டார்.

"உம்மா! உள்ளுக்கு மோதரம் ஈக்கி!"

"ஈக்கட்டும்" என்றார் உம்மா.

ஹாஜியார் வாதாடிப் பார்த்தார். உம்மா மணியை உருட்டத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் அவரிடம் யாரும் பேசக்கூடாது. வெளிநாட்டுத் தம்பதி நெகிழ்ந்துபோய் உம்மாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள்.

ஹாஜியார் தலையில் கைவைத்தார். "மிஸ், நான் நீலக்கல்லு விக்கவா, பெட்டி விக்கவா?"

மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவரும் என்னைப் போலவே இருந்தார். ஹாஜியார் இரண்டாவது பெட்டியை முன்னால் இழுத்தார். கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினார்.

"வாப்பா உம்மாட பையில ஈக்கிறாரு. அவருக்கு அது போதும்." படம் போனது. "யானை பெரஹரா ஊர்வலத்துக்குப் போகட்டும்." யானை போனது. வாவி வற்றியது. "கடைக்குள்ள நிக்கிறவனுக்குக் கடைக்கு வார வழி என்னத்துக்கு?" மேப்பும் டெலிபோன் நம்பர்களும் ஒன்றாக உரிந்தன. பெயரையும் எடுத்தார். அடியில் இருந்த கருநீலத் தாள் மெல்ல வெளியே வந்தது. கடைசியில் அந்த நீலத்தின் நடுவே மயில் மட்டும் நின்றது.

தனியாக நின்றபோதுதான் எனக்கே அது எவ்வளவு அழகு என்று தெரிந்தது.

ஹாஜியாரின் விரல் நின்றது. "இது நான் கேக்கவே இல்லியே?" பெட்டியை எட்டப் பிடித்துப் பார்த்தார். "ஆனா வடிவாத்தான் ஈக்கி. என்ன தம்பி, இது மட்டும் ஈக்கட்டுமா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

'இருக்கட்டும்' என்ற ஒரு சொல் போதும். வேலைக்காலம் முழுவதும் காத்திருந்த கேள்வி. கேட்டவரே விருப்பத்தோடு கேட்கிறார். உடம்பிலுள்ள பலத்தையெல்லாம் திரட்டி வாய்க்குக் கொண்டுவந்தேன். வாய் இன்னும் இறுக மூடிக்கொண்டது. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"பாருங்கோ ஹாஜியார்" என்றார் மிஸ் பெருமையோடு. "உதட்டை எப்பிடி இறுக்குறார்! ஒரு சின்ன மயில். அதைக்கூட அவரால தாங்க ஏலாமல் கிடக்கு."

"சரி சரி, அழவேணாம் தம்பி" என்று ஹாஜியார் மயிலை ஒரே சுண்டில் எடுத்துவிட்டார்.

அந்தக் கருநீலப் பெட்டிதான் பிறகு பெயர் வாங்கியது. உள்ளே வெள்ளைப் பட்டு, வெளியே ஒன்றும் இல்லை. திறந்தால் கல்லைத் தவிர வேறெதிலும் கண் போகாது. அதைப் பார்த்தே எத்தனையோ பேர் எங்களைத் தேடி வந்தார்கள். உம்மாவிடமிருந்து மோதிரம் திரும்பியதா என்று நான் கேட்கவில்லை. மயில் என் காலடியில் விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். துவைத்த பிறகு செல்வி, "சட்டப் பையில என்னாங்க ஜிகினாத் தூளு?" என்று கேட்டாள்.

ஒரு மயிலை முகத்தாலேயே விரட்டிய கதையை மிஸ் புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவார். நான் பக்கத்திலேயே பசை கரைத்துக்கொண்டிருப்பேன். நிரோஷாவும் அதை அப்படித்தான் கேட்டாள்.

இப்போது தொழில் மாறிவிட்டது. நிரோஷா திரையில் பெட்டியைச் சுழற்றிக் காட்டுகிறாள். வாடிக்கையாளர் போனிலேயே சரி என்கிறார். எதிரே உட்கார ஒரு முகம் தேவையில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை, வெள்ளைச் சட்டை மிச்சம். ஐம்பத்தைந்து ஆனதும் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

பிரியாவிடைக்கு மேசைகளைத் தள்ளி இடம் செய்தார்கள். கேக், ரோல்ஸ், நெஸ்கபே. செல்வியும் வந்திருந்தாள். பேசச் சொல்லமாட்டோம் என்று முன்பே சத்தியம் செய்திருந்தார்கள். பிறகு நிரோஷா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சிவப்பு வெல்வெட் தாள். சுற்றிலும் தங்கச் சரிகை. ஒரு பக்கம் கொழுந்து பறிக்கிற பெண், மறுபக்கம் சோடித்த யானை. தாமரை, அன்னம், குத்துவிளக்கு. மினுங்குகிற வாவி. என்னுடைய போட்டோ. மின்னி அணைகிற பல்ப் வேறு. மூடியில், மூடி முழுவதையும் அடைத்துக்கொண்டு, தோகை விரித்த தங்க மயில்.

"முத்தண்ணே, நீங்க இத்தன வருசமா எடுத்துப் போட்டது எல்லாம் இதுல இருக்கு!" என்றாள் நிரோஷா. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "பயப்புடாதீங்க, எல்லாம் உரிக்கிற மாதிரித்தான் ஒட்டியிருக்கோம். எல்லாத்தையும் உரிச்சா உள்ளுக்க ஒங்க டேஸ்டுல நல்ல பெட்டி ஒண்ணு வரும்."

எனக்குப் பேச்சே இல்லை. எப்போதும் இல்லைதான், ஆனால் இது வேறு. அதைவிட அழகான பெட்டியை நான் பார்த்ததில்லை. சேலைப் பெட்டிகூட இரண்டாவதுதான்.

"முகத்தப் பாருங்க, முகத்தப் பாருங்க!" என்று சத்தம் போட்டார்கள். "அண்ணனால தாங்க முடியல. சீக்கிரம் உரிங்க!"

ஆளுக்கு ஒன்றாக உரித்தார்கள். அன்னம் போனது. யானை போனது. பல்பைப் பிடுங்கியபோது என் கை தானாக முன்னால் போனது. நான் உதவி செய்ய வருகிறேன் என்று நினைத்து நிரோஷா வழிவிட்டாள். செல்வி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "ஐயோ, ஏங்க, ஒங்க வாயில என்ன பசையா போட்டு ஒட்டியிருக்கு? சொல்லுங்களேன்!" என்றாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"கடைசி மயில் மிஸ்ஸுக்குத்தான்" என்றாள் நிரோஷா.

திலகா மிஸ் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "அண்டைக்கு ஹாஜியார் செய்தார். இண்டைக்கு நான்" என்று தோகையின் ஓரத்தில் நகத்தை வைத்தார். தோகை ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

"மிஸ், மயில் இருக்கட்டும்" என்றேன்.

யார் பேசியது என்று முதலில் எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றார் மிஸ்.

திரும்பச் சொல்ல என்னிடம் சொல் மிச்சமில்லை. செல்விதான் சொன்னாள். "இருக்கட்டுமாம் மிஸ். நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அந்த முருகன் பல்பெல்லாம் இவரு வேலைன்னு. நீங்க நம்பல."

மிஸ் என்னையும் மயிலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப… அண்டைக்கு ஹாஜியாரின்ட கடையில…?"

நான் தலையை ஆட்டினேன்.

"அந்த மயில் அவர் கேட்டதில்லையோ? நீங்கள் வைச்சதோ?"

ஆட்டினேன்.

"கண் கலங்கினது…?"

அப்போதுதான் அவர் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு காலமும் இந்த முகத்தைப் பிழையாகவே வாசிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்!" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வேலைக்குரலில், நன்றாகத் தாழ்த்தி ஒன்று கேட்டார். "உண்மையைச் சொல்லுங்கோ மாரிமுத்து. அந்த மயில் இருந்திருந்தால், அந்த நீலப் பெட்டி நல்லா இருந்திருக்குமோ?"

நான் யோசித்தேன். கருநீலத் தாளை நினைத்தேன். வெள்ளைப் பட்டில் அந்தக் கல் இருந்த விதத்தை நினைத்தேன். எனக்கு மயில் பிடிக்கும். ஆனால் இத்தனை காலம் பஞ்சுப் பரீட்சைக்கு நின்றவன் நான். மயில் இருந்திருந்தால் பெட்டி கதைத்திருக்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை. மிஸ் என் முகத்தையே பார்த்தார்.

"இல்லை எண்டுறார்" என்றார். இந்த முறை சரியாகத்தான் வாசித்தார்.

அந்தப் பெட்டி இப்போது எங்கள் வீட்டு டீவிக்கு மேல் இருக்கிறது. மற்றதெல்லாம் உரிந்துபோன சிவப்பு வெல்வெட்டில் மயில் மட்டும் நிற்கிறது. மிஸ்ஸின் நகம் பட்ட இடத்தில் தோகை கொஞ்சம் எழும்பியே இருக்கிறது. "பெட்டிக்காரன் வீட்டுல பசைக்கா பஞ்சம்? ஒரு சொட்டு வச்சு ஒட்டுங்களேன்" என்று செல்வி தினமும் சொல்கிறாள். ஒட்டினால் ஒரு நிமிட வேலை. ஆனால் மின்விசிறி சுற்றும்போது அந்தத் தோகை ஆடுகிறது.

அதனால் ஒட்டவில்லை. செல்வியிடம் காரணம் இன்னும் சொல்லவில்லை. இதை நிரோஷா திருத்தி முடித்ததும் அவளே வாசித்துத் தெரிந்துகொள்வாள்.